கிழட்டு நாய் திடீரென்று சாய்ந்து விழுந்தால்...



ஆடு, மாடு, கோழி வளர்ப்பைப் பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இம்முறை நம் இஸ்தோப்பில் படுத்துக் கிடக்கும் நாயைப் பற்றி ஒரு பாடம். "நாய்க்குமா பாடம்?" என்று சிரிக்க வேண்டாம். ராத்திரியில் காட்டுப் பன்றி மரக்கறிப் பாத்தியில் இறங்கினாலும், சிறுத்தை லயத்துப் பக்கம் வந்தாலும் முதலில் சத்தம் கொடுப்பது அதுதான். பத்துப் பன்னிரண்டு வருஷம் நம் வீட்டைக் காத்த அந்த ஜீவனுக்கு வயசான காலத்தில் ஒரு கஷ்டம் வந்தால், நாம் தெரியாத்தனமாக ஒரு தப்புப் பண்ணிவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறோம்.

ஒரு விடியற்காலையில் நடந்தது

நாங்கள் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தபோது பார்த்தது இது. மேல் லயத்தில் ஒரு அம்மா பெரட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். தினமும் கொழுந்து மலை வரைக்கும் கூடப் போகும் அவர் வீட்டு நாய் டைகர் அன்றைக்கு எழும்பவில்லை. பதின்மூன்று வயசு நாய். கூப்பிட்டதும் எழும்பப் பார்த்தது; இடது பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. மறுபடி எழும்பியது, மறுபடி உருண்டது. தலை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது. கண்மணி இரண்டும் பக்கவாட்டில் துடித்துக்கொண்டே இருந்தன. வாயில் எச்சில் வழிந்தது. கொஞ்ச நேரத்தில் மஞ்சள் தண்ணியாக வாந்தியும் எடுத்தது.

லயமே கூடிவிட்டது. "யாரோ வெசம் வச்சிட்டாங்க" என்றார் ஒருவர். "வாதம் அடிச்சிருச்சு, இனி எழும்பாது" என்றார் இன்னொருவர். "எச்சி வடியுது பாருங்க, பைத்தியம் புடிச்சிருச்சு. பிள்ளைகளக் கடிக்கிறதுக்கு முந்தி அடிச்சிப் போடுங்க" என்று சொல்லி ஒரு தம்பி பொல்லும் எடுத்துவிட்டார். அந்த அம்மாவின் மகன் அழுதுகொண்டே குறுக்கே நின்றான்.

அப்போது கோடி வீட்டுத் தாத்தா ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வருஷா வருஷம் ஊசி போட்ட நாய்தானே? அட்டை இருக்கா?" அட்டை இருந்தது. "அப்ப அவசரப்படாதீங்க. ஓரமாக் கிடக்கட்டும். பிள்ளைகள தூரமா வைங்க. மாட்டு டாக்டருக்குச் சொல்லுங்க" என்றார். பொல்லு கீழே இறங்கியது.

மத்தியானம் கால்நடை வைத்தியர் வந்து பார்த்தார். "இது வெசமும் இல்ல, விசரும் இல்ல. வயசான நாய்களுக்கு வர்ற தலைச்சுத்து. மூணு நாள் பொறுங்க" என்று சொல்லி, வாந்திக்கு ஊசி போட்டுவிட்டுப் போனார். மூன்றாம் நாள் டைகர் தானாகத் தண்ணி குடித்தது. ஐந்தாம் நாள் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றது. இரண்டு கிழமையில் பீலிக்கரை வரைக்கும் நடந்தது. தலை மட்டும் கொஞ்சம் கோணலாகவே நின்றுவிட்டது. அந்த ஒரு கேள்வியை யாரும் கேட்காமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உடம்புக்குள்ளே என்ன நடக்கிறது?

கொத்தனார் சுவர் கட்டும்போது ரசமட்டம் வைத்துப் பார்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். உள்ளே இருக்கும் தண்ணிக் குமிழ் நடுவில் நின்றால் மட்டம் சரி. நம் காதுக்குள்ளேயும், நாயின் காதுக்குள்ளேயும் இதைப் போல ஒரு சாமான் இருக்கிறது. உட்காதில் தண்ணி நிறைந்த வளைந்த குழாய்கள் மூன்று உண்டு. தலை திரும்பினால் அந்தத் தண்ணி அசையும். அந்தச் செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போகும். "நான் நேராக நிற்கிறேனா, சாய்கிறேனா" என்பதை மூளை அப்படித்தான் தெரிந்துகொள்கிறது.

வலது காதும் இடது காதும் கயிறிழுக்கும் இரண்டு கட்சி மாதிரி. இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் கயிறு நடுவில் நிற்கும். ஒரு பக்கத்துக் கட்சி திடீரென்று கையை விட்டால் என்னவாகும்? எல்லாமே ஒரு பக்கமாகப் போய்விடும். நாய்க்கு நடப்பதும் அதுதான். ஒரு காதின் சமநிலை உறுப்போ அதன் நரம்போ திடீரென்று வேலை செய்யாமல் போகிறது. மூளைக்குப் பொய்ச் செய்தி போகிறது. உலகமே சுற்றுவதுபோல நாய்க்குத் தெரிகிறது. கோளாறு உள்ள பக்கமாகத் தலை சாயும். அந்தப் பக்கமாகவே விழும்.

வளைவுப் பாதையில் பஸ்ஸில் போகும்போது நம்மில் எத்தனை பேருக்குக் குமட்டுகிறது! நாயின் வாந்தியும் எச்சிலும் அதே மாதிரிதான்.

இதை வைத்தியர்கள் 'வெஸ்டிபுலர் நோய்' என்கிறார்கள். வயசான நாய்களுக்கு வருவதில் பெரும்பாலும் காரணம் எதுவும் அகப்படுவதில்லை. நாம் கொடுத்த சாப்பாட்டாலோ, யாருடைய கண் திருஷ்டியாலோ, செய்வினையாலோ வந்தது அல்ல. ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்கோ, மனுஷருக்கோ தொற்றுவதும் இல்லை.

நல்ல செய்தி என்னவென்றால், மூளை கெட்டிக்காரன். ஒரு காது கைவிட்டாலும் கண்ணையும் காலையும் வைத்துச் சமாளிக்கப் பழகிக்கொள்ளும். முதல் ஒன்றிரண்டு நாள்தான் மிக மோசம். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து தேற ஆரம்பிக்கும். இரண்டு மூன்று கிழமையில் அனேகமான நாய்கள் நடமாடிவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது: விசரா?

நாயைக் காப்பாற்றுவதற்கு முன்னால் பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும். விசர் நோய் வந்த நாயும் தள்ளாடலாம். அதற்கும் எச்சில் வடியலாம். அதனால் பார்த்த மாத்திரத்தில் "இது தலைச்சுத்துத்தான்" என்று வீட்டில் இருந்தபடி யாரும் முடிவு கட்டக் கூடாது. இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

• கடந்த ஒரு வருஷத்துக்குள் விசர்நாய்த் தடுப்பூசி போட்டதா? அட்டை இருக்கிறதா?
• கடந்த சில மாதங்களில் வேறு நாயோ காட்டு மிருகமோ அதைக் கடித்ததா?
• இரண்டு மூன்று நாளாகவே குணம் மாறியிருந்ததா? காரணமில்லாமல் கடிக்க வந்ததா? இருட்டில் ஒளிந்ததா?
• குரைக்கும் குரல் மாறிவிட்டதா? கீழ்த்தாடை தொங்குகிறதா? விழுங்க முடியாமல் திணறுகிறதா?

ஊசி போடாத நாய் என்றாலோ, மற்றக் கேள்விகளில் ஒன்றுக்காவது 'ஆம்' என்றாலோ, அந்த நாயைத் தொட வேண்டாம். ஒரு காம்பராவிலோ கொட்டிலிலோ விட்டுக் கதவை அடையுங்கள். பிள்ளைகளை அண்ட விடாதீர்கள். உடனே அரச கால்நடை வைத்தியருக்கும், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவியுங்கள்.

ஒரு வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். வயசு நாயின் தலைச்சுத்து திடீரென்று வந்து, முதல் ஒன்றிரண்டு நாளுக்குப் பிறகு நாளுக்கு நாள் குறையும். அந்த நாய்க்கு நம்மைத் தெரியும். பேர் சொன்னால் வாலாட்டும். விசரோ நாளுக்கு நாள் முற்றும்; அறிகுறி தொடங்கிப் பெரும்பாலும் பத்து நாளுக்குள் நாய் செத்துப்போகும்.

எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், அதன் எச்சில் நம் புண்ணில் பட்டாலும், ஓடும் தண்ணியில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி இலவசம். "சின்னக் கீறல்தானே" என்று வேலை முடியும் வரைக்கும் தள்ளிப் போடாதீர்கள். ஒருநாள் பேர் போனால் போகட்டும். விசர் தொடங்கிவிட்டால் மனுஷரைக் காப்பாற்ற வழியில்லை.

வேறு என்னவாக இருக்கலாம்?

தலை சாய்ந்து விழும் நாய் எல்லாவற்றுக்கும் இதே நோய் என்று சொல்ல முடியாது.

காதுப் புண்: காதில் நாற்றம், சீழ், அடிக்கடி தலையை உதறுவது, காதைத் தொட்டால் கத்துவது. இந்தப் புண் உட்காது வரைக்கும் போனாலும் இதே மாதிரி விழும். மருந்து கொடுத்தால் தேறும். கவனிக்காமல் விட்டால் மோசமாகும்.

விஷம்: உடம்பு முழுக்க நடுக்கம், வலிப்பு, கைகால் விறைப்பு. புல்லுக்கு அடிக்கும் மருந்து, எலி மருந்து, பன்றிக்கு வைத்த இரை எதையாவது தின்றிருக்கலாம். பக்கத்து வீட்டு நாயும் விழுந்தால் சந்தேகம் இன்னும் அதிகம். ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. மருந்துப் போத்தலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

உண்ணிக் காய்ச்சல்: உண்ணி நிறைய இருந்து, முரசு வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தால், நாய் இரத்தம் குறைந்து பலமில்லாமல் தள்ளாடலாம்.

மூளைக் கோளாறு: கண்மணி மேலும் கீழுமாகத் துடிப்பது, கூப்பிட்டால் உணர்வில்லாமல் கிடப்பது, காலைப் புறங்கால் படும்படி மடித்து இழுப்பது, வலிப்பு. இவை நல்ல அறிகுறிகள் அல்ல. உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

அதனால்தான் சொல்கிறோம்: எப்படியும் ஒருமுறை வைத்தியர் பார்க்க வேண்டும். நம் பகுதி அரச கால்நடை வைத்தியர் அலுவலகம் மாட்டுக்கு மட்டும் உள்ளது அல்ல. நாய்க்கும் அங்கே கேட்கலாம். கண்டிப் பக்கம் உள்ளவர்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா வைத்தியசாலையும் இருக்கிறது.

வைத்தியரிடம் இவற்றைச் சொல்லுங்கள்: நாயின் வயசு, எந்த நேரத்தில் விழுந்தது, எந்தப் பக்கம் சாய்கிறது, கண் எப்படித் துடிக்கிறது, காதில் ஏதாவது விட்டீர்களா, கடைசியாக ஊசி போட்டது எப்போது. கைபேசி இருந்தால் நாய் விழுவதைப் படம் பிடித்துக் காட்டினால் இன்னும் நல்லது.

முதல் மூன்று நாள்: வீட்டில் செய்ய வேண்டியவை

தடுப்பூசி போட்ட நாய், வைத்தியரும் பார்த்துவிட்டார் என்றால், மிச்சம் நம் கையில்தான். பெரிய செலவு இல்லை, பொறுமைதான் வேண்டும்.

1. இடம். இஸ்தோப்பின் ஒரு மூலையில், சுவர் ஓரமாகப் படுக்க வையுங்கள். அடுப்பு, படிக்கட்டு, கான், மண்திட்டு ஓரம் இவற்றுக்குக் கிட்ட விடக் கூடாது. உருண்டு விழுந்து காலை முறித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் சாக்கில் காய்ந்த புல் அடைத்து அணை கொடுங்கள்.

2. தரை. வழுக்கும் சீமெந்துத் தரையில் அதனால் நிற்க முடியாது. சாக்கோ பழைய கம்பளியோ விரியுங்கள். உரம் வந்த பையை மட்டும் பாவிக்க வேண்டாம், நாய் நக்கும்.

3. வெளிச்சம். காது ஏமாற்றும்போது கண்தான் அதற்குத் துணை. ராத்திரியில் முழு இருட்டில் விடாமல் சின்ன பல்ப் ஒன்றை எரிய விடுங்கள். குப்பி விளக்கு வேண்டாம், தட்டிவிட்டால் தீப்பிடிக்கும்.

4. தண்ணி. தலையைத் தூக்கி, நெஞ்சில் சாய்ந்து இருக்கும்படி பிடித்துக்கொண்டு, தட்டையான கிண்ணத்தை வாய்க்குக் கிட்ட வையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. படுத்துக் கிடக்கும் நாயின் வாயில் தண்ணியை ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு முழு நாள் தண்ணியே குடிக்காமலோ, வாந்தி நிற்காமலோ இருந்தால் மறுபடி வைத்தியரிடம் சொல்லுங்கள்.

5. சாப்பாடு. முதல் நாள் சாப்பிடாது, பயப்பட வேண்டாம். குமட்டல் குறைந்ததும் குழைத்த சோறும், அவித்த கோழி இறைச்சியோ மீனோ முள் எடுத்துக் கையால் ஊட்டுங்கள். உறைப்பு, உப்பு, வெங்காயம் வேண்டாம்.

6. ஒதுங்கப் போக. வயிற்றுக்கு அடியில் பழைய துவாயையோ சேலைத் துண்டையோ கொடுத்து, இரண்டு முனையையும் மேலே பிடித்துத் தாங்கிக்கொண்டு நடத்துங்கள். நாளைக்கு நாலைந்து தடவை. இப்படி நடப்பதே மூளைக்குப் பயிற்சி. படுத்தே கிடந்தால் தேறத் தாமதமாகும்.

7. புரட்டுதல். தானாகப் புரள முடியாவிட்டால் மூன்று நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். நனைந்த துணியை உடனே மாற்றுங்கள். இல்லாவிட்டால் புண் வரும், ஈ மொய்க்கும்.

8. பேச்சு. பின்னால் இருந்து திடீரென்று தூக்காதீர்கள். பயத்தில் நல்ல நாயும் கடிக்கும். முன்னால் வந்து, பேர் சொல்லி, மெதுவாகத் தொடுங்கள்.

வேலைக்குப் போகும் வீட்டில் பகலில் யார் பார்ப்பது என்று கேட்பீர்கள். வீட்டிலிருக்கும் பாட்டியோ தாத்தாவோ, பக்கத்து வீட்டு அக்காவோ இரண்டு தடவை எட்டிப் பார்த்தால் போதும். டைகரைப் பகலில் பார்த்துக்கொண்டது அந்தக் கோடி வீட்டுத் தாத்தாதான்.

செய்யக் கூடாதவை

• பனடோல், வலி மாத்திரை போன்ற மனுஷர் மருந்து எதையும் கொடுக்காதீர்கள். நமக்குக் குணமாக்குவது நாயின் ஈரலையும் குடலையும் கெடுத்துவிடும்.
• காதில் எண்ணெய், மண்ணெண்ணெய், பழைய சொட்டு மருந்து எதையும் விடாதீர்கள். காதுச் சவ்வு கிழிந்திருந்தால் சில மருந்துகளே உட்காதைக் கெடுக்கும்.
• சூடு வைக்காதீர்கள். வேதனைதான் மிச்சம்.
• சாக்கில் கட்டி வேறு தோட்டத்தில் கொண்டுபோய் விடாதீர்கள். நிற்க முடியாத நாயைக் காட்டில் விடுவது கொலைதான்.

தேறிய பிறகு

தலைக் கோணல் சிலவற்றுக்குக் கடைசி வரைக்கும் இருக்கும். அதனால் நாய்க்குத் துன்பம் இல்லை. சில நாய்களுக்கு மாதக்கணக்கில் கழித்து மறுபடியும் வரலாம். அப்போதும் இதே கவனிப்புத்தான். படி ஏறும்போது, கான் தாண்டும்போது கொஞ்சம் துணை கொடுங்கள்.

மூன்று நாளாகியும் துளியும் தேறவில்லை, இன்னும் மோசமாகிறது என்றால், வேறு பெரிய நோயாக இருக்கக்கூடும். வைத்தியரிடம் மனம் விட்டுக் கேளுங்கள். இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் சொன்னால், வேதனையில்லாமல் உறங்க வைக்கும் ஊசி இருக்கிறது. அது பொல்லும் அல்ல, கயிறும் அல்ல, விஷமும் அல்ல. பிள்ளைகளிடம் பொய் சொல்லி மறைக்காமல், "டைகருக்கு ரொம்ப முடியல, டாக்டர் அமைதியா உறங்க வைக்கப் போறாரு" என்று சொல்லுங்கள். அவர்களும் விளங்கிக்கொள்வார்கள்.

மனுஷருக்கு வந்தால் பொறுக்காதீர்கள்

ஒரு முக்கியமான விஷயம். 'மூன்று நாள் பொறு' என்று நாங்கள் சொன்னது, வைத்தியர் பார்த்த நாய்க்கு மட்டும்தான். வீட்டில் அப்பாவோ அம்மாவோ திடீரென்று தள்ளாடினால், வாய் கோணினால், பேச்சுக் குழறினால், ஒரு பக்கக் கைகால் சோர்ந்தால், அது பாரிசவாதமாக இருக்கலாம். 1990 அம்புலன்சை அழையுங்கள். அல்லது கிடைத்த வாகனத்தில் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அங்கே ஒவ்வொரு நிமிஷமும் பெறுமதி.

நினைவில் வைக்க

• வருஷத்துக்கு ஒருமுறை விசர்நாய்த் தடுப்பூசி. அட்டையைப் பத்திரமாக வையுங்கள். டைகரின் உயிரைக் காத்தது அந்த அட்டைதான்.
• திடீரென்று விழுந்த கிழட்டு நாய் எல்லாம் விசர் நாய் அல்ல. சாகப்போகும் நாயும் அல்ல.
• முதலில் பிள்ளைகளின் பாதுகாப்பு, அடுத்தது வைத்தியர், பிறகு மூன்று நாள் பொறுமை.

லயத்தில் கூடிப் பேச

1. நம் லயத்தில் எத்தனை நாய்? எத்தனைக்கு இந்த வருஷம் ஊசி போட்டிருக்கிறது?
2. நம் பகுதிக் கால்நடை வைத்தியர் அலுவலகத்தின் தொலைபேசி இலக்கம் யாரிடம் இருக்கிறது? அதை எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி ஒட்டலாமா?
3. புல்லுக்கு அடிக்கும் மருந்தையும் எலி மருந்தையும் பிள்ளைகளுக்கும் நாய்க்கும் எட்டாத இடத்தில் வைத்திருக்கிறோமா?

டைகர் இப்போதும் காலையில் அந்த அம்மாவோடு புறப்படுகிறதாம். மலை வரைக்கும் போக முடியவில்லை. பெரட்டுக்களம் வரைக்கும் போய், தலையைக் கொஞ்சம் சாய்த்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுமாம். பதின்மூன்று வருஷம் காவல் காத்ததற்கு மூன்று நாள் கவனிப்பு பெரிய கடன் இல்லை என்று அந்த அம்மா சொன்னார். நாங்களும் அதைத்தான் சொல்கிறோம்.